புகைக்கு முதலில் வழி

அத்திப்பட்டில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குள் விறகெரித்துக் குளிர்காயும் கணப்பைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்கள் நகைக்கலாம். நகைப்பதற்கு நியாயமும் உண்டு. நம் ஊரில் தை மாதத்து விடியற்காலையிலுங்கூட உஷ்ணம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. எண்ணூர்க் கடற்காற்றுக்கு ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டால் குளிர் தீர்ந்தது. ஆயினும் நெருப்பைப் பற்றிப் பேச இவ்வூருக்குச் சிறிது பாத்தியதை உண்டென்றே நாம் நினைக்கிறோம். 1994-ஆம் ஆண்டு முதல் இங்கே வடசென்னை அனல்மின் நிலையம் கடல் வழியாக வரும் நிலக்கரியை எரித்து வருகிறது. எரிந்த பொருளின் உஷ்ணத்தில் எவ்வளவு பயனாகிறது, எவ்வளவு வீணாகிறது, புகை எந்தத் திசையில் போகிறது, சாம்பல் எங்கே படிகிறது என்னும் கேள்விகள் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெறும் புத்தகப் பாடங்களாக இருப்பதில்லை.

இவ்வாரம் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நண்பர் ஒருவரின் கடிதம். மின்சார உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கோத்தகிரிப் பக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் பழைய வீடொன்றை வாங்கிக்கொண்டு தாயாருடன் குடியேறியிருக்கிறார். “கூடத்தில் கல்லாற் கட்டிய கணப்பு இருக்கிறது. மூட்டினால் முழங்கால் சுடுகிறது, முதுகு விறைக்கிறது. விறகு கட்டுக் கட்டாகப் போகிறது. எண்பது வயதுத் தாயார் புகையில் இருமுகிறார்கள். கணப்புக்குள்ளேயே பொருத்தக்கூடிய இரும்புப் பெட்டி ஒன்று உண்டென்று கடைக்காரர் சொல்லுகிறார். வாங்கலாமா? வாங்கினால் எப்படித் தொடங்குவது?” என்று கேட்டிருக்கிறார். மலையூர்களில் வீடு வாங்கியவர்களும் விடுமுறைக்குப் போய்த் தங்குகிறவர்களும் நம் நேயர்களில் பலர் இருப்பார்களாதலால், அவருக்கு எழுத வேண்டிய விடையை எல்லாருக்குமாகவே எழுதுகிறோம்.

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெட்டி வாங்கலாம்; நல்லதுதான். ஆனால் பெட்டிக்கு முன்பாகப் புகைபோக்கியையும் விறகையும் கவனிக்க வேண்டும். புகை போகும் வழியைச் செம்மை செய்யாமல் நெருப்பை மட்டும் மாற்றினால், பணமும் போகும்; சில வேளைகளில் உயிரும் போகும்.

நெருப்புச் சட்டியும் மூடிய கதவும்

வீட்டுக்குள் நெருப்பு வைத்துக் குளிர்காய்வது தமிழருக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையரவர்கள் 1889-ல் பதிப்பித்த பத்துப்பாட்டில் நெடுநல்வாடை என்னும் பாட்டு இருக்கிறது. கூதிர்காலத்து மழையில் நகரத்தார் குளிர்ந்த நீரை வெறுத்து, அகன்ற வாயையுடைய தடவு என்னும் நெருப்புச் சட்டியை நாடியதை நக்கீரர் அதில் சொல்லுகிறார். அந்தத் தடவைத்தான் பிற்காலத்தார் கணப்புச் சட்டி என்றார்கள். காஷ்மீரத்தார் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரியும் அதன் இனத்தைச் சேர்ந்ததே.

சட்டி நெருப்பில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு. அதனாலேயே அது கொடியது. கரி எரியும்போது போதிய பிராணவாயு கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருளோடு அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலை கனக்கிறது, தூக்கம் வருகிறது. குளிரில் நல்ல தூக்கம் வருகிறதென்று மனிதன் நினைத்துக்கொள்கிறான். மலையூர் விடுதியிலும் கூடாரத்திலும் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவை அடைத்துப் படுத்தவர்கள் விடியற்காலையில் எழுந்திராமற் போன செய்திகளை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். பிள்ளைகளை மலைக்கு அனுப்பும் பெற்றோர் கம்பளிச் சட்டையோடு இந்த ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டும்: புகைபோக்கி இல்லாத நெருப்பு எதுவாயினும் அது படுக்கை அறைக்குள் வரக்கூடாது.

திறந்த கணப்பின் ஊதாரித்தனம்

புகைபோக்கியுள்ள கணப்பு நீலகிரிக்கு வந்தது ஆங்கிலேயரோடுதான். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் உதகமண்டலத்தில் 1822-ல் கல்வீடு கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் தங்கள் நாட்டு வழக்கப்படி அறைக்கு அறை கணப்பு வைத்துக் கட்டினார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி வெள்ளை விரிக்கும், நெருப்பில்லாமல் தீராது.

தீர்த்த விதம் சோலைகளுக்கு வினையாயிற்று. விறகுக்கென்று மலையின் பழஞ்சோலைகள் வெட்டப்பட்டன. அவை தாங்கா என்று கண்டபின், ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கொண்டுவரப்பட்டு, பிற்பாடு மலை மலையாக நடப்பட்டன. கணப்புகளின் பசிக்கு வந்த சீகை மரம் புல்வெளிகளை விழுங்கிவிட்டதென்று இன்று அதை அகற்றப் பாடுபடுகிறோம். அடுப்பின் அமைப்புக் கெட்டால் அதன் செலவு விறகுக் கணக்கோடு நில்லாது என்பதற்கு நீலகிரியே சாட்சி.

நண்பருடைய முழங்கால் சுட்டு முதுகு விறைப்பதற்குக் காரணம் இதுதான். திறந்த கணப்பு எதிரே நிற்பவரைக் கதிர் வெப்பத்தால் சுடும். ஆனால் மேலெழும் வெங்காற்று முழுவதும் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. எரிவதற்கு வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு காற்றை அது அறையிலிருந்து இழுத்துக்கொள்ளும். போன காற்றின் இடத்தை நிரப்பக் கதவிடுக்கிலும் ஜன்னல் சந்திலும் வெளிக்குளிர் உள்ளே பாய்கிறது. அதுதான் முதுகில் படுவது. விறகின் உஷ்ணத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அறைக்குக் கிடைத்தாலே பெரிது.

இதை மேனாட்டாரும் வெகுகாலம் சகித்துக்கொண்டிருந்து, பிறகே திருத்தினார்கள். அமெரிக்க தேசத்துப் பெஞ்சமின் பிராங்க்ளின், கணப்புக்குள் பொருந்தும் இரும்புப் பெட்டி ஒன்றை 1740-களின் தொடக்கத்தில் சமைத்து, அதை விளக்கி 1744-ல் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். பென்ஸில்வேனியா கவர்னர் அதற்குத் தனியுரிமை தர முன்வந்தபோது, பிறர் கண்டறிந்தவற்றால் நாம் பயன் பெறுவதுபோல் நம்முடையதும் பிறருக்குப் பயன்படட்டும் என்று மறுத்துவிட்டார். குணம் பெரிது, பெட்டியில் மட்டும் ஒரு குறை இருந்தது. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் ஆசையில் அவர் புகையைக் கீழ்முகமாக இறக்கி மறுபடி மேலே ஏற்றினார். பெட்டி குளிர்ந்திருக்கும்போது புகை இறங்க மறுத்து அறைக்குள் திரும்பிற்று. பின்வந்தோர் குழாயை நேராக்கிய பிறகே அது நன்றாக உழைத்தது. 1796-ல் ரம்போர்டு பிரபு, கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை நுழையும் தொண்டையைக் குறுக்கினால் புகை நன்கு ஏறும், வெப்பமும் அறைப்பக்கம் திரும்பும் என்று காட்டினார். இருவருடைய அநுபவமும் ஒன்றையே போதிக்கிறது: உஷ்ணத்தைச் சேமிக்கும் சாமர்த்தியம் புகையின் இயல்புக்கு அடங்கியிருக்க வேண்டும்.

பெட்டி வேலை செய்யும் விதம்

இன்று ‘இன்ஸர்ட்’ என்று விற்கப்படும் சாதனம் பிராங்க்ளின் பெட்டியின் பேரப்பிள்ளை. எஃகிலோ வார்ப்பிரும்பிலோ செய்த பெட்டி. முன்னால் வெப்பந் தாங்கும் கண்ணாடிக் கதவு. உள்ளே நெருப்புச் செங்கல் பதிப்பு. காற்று நுழைய அடியில் ஒரு வழியும், மேலே சிறு துளைகளாக மற்றொரு வழியும் உண்டு. இரண்டையும் ஒரு கைப்பிடியால் கூட்டலாம், குறைக்கலாம்.

மேல் துளைகளின் பயனை அறிந்துகொள்ள வேண்டும். விறகு எரிகிறதென்று நாம் சொன்னாலும், அதன் உஷ்ணத்தில் பாதிக்கு மேல் வெளிப்படுவது விறகு சூடேறி விடும் வாயுக்களிலிருந்துதான். அவ்வாயுக்கள் நன்றாக எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், காற்றும் வேண்டும். திறந்த கணப்பில் அவை எரியாமலே புகையாகப் போகின்றன. பெட்டிக்குள் செங்கல் சூட்டைக் காக்கிறது, மேல் துளை வெங்காற்றைத் தருகிறது, புகையே தீயாகிறது. எரியாத புகை நெஞ்சுக்கும் கேடு, பணத்துக்கும் கேடு என்பது இதனால் விளங்கும். பெட்டியைச் சுற்றி இன்னோர் இரும்புறை இருக்கும். இடையிலுள்ள சந்தில் அறைக்காற்று அடியில் புகுந்து, சூடேறி மேலே வெளிவருகிறது. சிலவற்றில் அதைத் தள்ளச் சிறு விசிறி இருக்கும். மின்சாரம் நின்றபோதும் அறை சூடாக வேண்டுமானால், விசிறியில்லாமலும் உழைக்கும் பெட்டியைப் பார்த்து வாங்குவது நலம்.

இனிக் கணக்கு. நாம் உபாத்தியாயர், கணக்குப் போடாமல் விடமாட்டோம். 2 கிலோவாட் மின்கணப்பை 6 மணி நேரம் எரித்தால் 12 யூனிட். ஒரு யூனிட் 860 கிலோ கலோரி, ஆக 10,320. நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,400 கிலோ கலோரி தருவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எழுபது பயன்தரும் பெட்டியில் இதே உஷ்ணத்தைப் பெற நாலேகால் கிலோ விறகு போதும். நூற்றுக்குப் பத்துத் தரும் திறந்த கணப்பில் முப்பது கிலோ வேண்டும். கட்டுக் கட்டாகப் போகிறதென்று நண்பர் எழுதியதில் மிகையில்லை. மின்சாரமே மேல் என்பார்க்கும் ஒரு வார்த்தை: அந்த 12 யூனிட்டும் நிலக்கரியிலிருந்து வருவதானால், யூனிட்டுக்கு 700 கிராம் வீதம் எட்டுக் கிலோவுக்கு மேல் கரி எரிந்தாக வேண்டும். கோத்தகிரியில் புகை இராது. அனல்மின் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும். பைக்காராவில் 1932 முதல் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்களே என்றால் அது உண்மையே. ஆனால் நாடெங்கும் செல்லும் மின்கம்பியில் இது நீர் மின்சாரம், இது கரி மின்சாரம் என்று பிரித்தெடுக்க வழியில்லை.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

முதலில் புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும். பழைய வீடுகளில் அது பல ஆண்டு மூடிக்கிடந்திருக்கும்; உள்ளே தேன்கூடு, காக்கைக்கூடு, உதிர்ந்த காரை எல்லாம் இருக்கலாம். பகல் வெளிச்சத்தில் கீழிருந்து கண்ணாடி பிடித்துப் பார்த்தால் வானம் தெரிய வேண்டும். தூரிகையிட்டுச் சுத்தம் செய்தபின், சிறிது வைக்கோலைப் புகையவிட்டு, வீட்டார் இருவர் மாடியிலும் அடுத்த அறையிலும் நின்று எங்கேனும் புகை கசிகிறதா என்று பார்க்கலாம். கசிந்தால் கொத்தனாரை அழைக்க வேண்டும், பெட்டிக்காரரை அன்று.

இரண்டாவது, உட்குழாய். பழைய செங்கற் புகைபோக்கி அகலமானது. பெட்டியிலிருந்து வரும் அளவான புகை அந்த அகலத்தில் குளிர்ந்து, மேலேற வலுவின்றித் தயங்கும். சுவரில் கீலாகப் படியும். ஆகையால் பெட்டியின் வாயளவுக்கு ஏற்ற துருப்பிடிக்காத எஃகுக் குழாயை அடி முதல் முடி வரையில் உள்ளே இறக்கி, அடியில் குழாய்க்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை இரும்புத் தகட்டால் அடைக்க வேண்டும். குழாயின் செலவை மிச்சம் பிடிக்கச் சொல்பவர் நம் நண்பரல்லர். உச்சி, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடிக்குக் குறையாமலும், சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள கூரை முகட்டைவிட 2 அடி உயர்ந்தும் இருக்கட்டும். மழையும் பறவையும் புகாமல் தொப்பி வேண்டும்.

மூன்றாவது, அளவு. பெரிய பெட்டி பெரிய சுகம் என்று எண்ணுதல் தவறு. பெரிய பெட்டி சிறிய அறையைக் கொதிக்கவைக்கும். வீட்டார் காற்றை அடைத்து அதை மந்தப்படுத்துவார்கள். மந்தமான நெருப்பு புகையும் கீலும் பெருக்கும். ஓரளவு காற்றடைப்புள்ள அறைக்கு 500 கன அடிக்கு ஒரு கிலோவாட் என்பது பழக்கமான கணக்கு. 16 அடி நீளம், 14 அடி அகலம், 10 அடி உயரமுள்ள கூடம் 2,240 கன அடி. நாலரைக் கிலோவாட் பெட்டி போதும். வாங்கும்போது, சோதனைச் சான்று கேளுங்கள். ஐரோப்பிய நாடுகளில் மூடிய விறகுக் கணப்பு 2022 முதல் நூற்றுக்கு 65-க்குக் குறையாத பயன் தரவேண்டுமென்று விதி இருக்கிறது. அமெரிக்காவில் 2020 முதல் மணிக்கு 2 கிராமுக்கு மேல் புகைத்தூள் விடும் புதிய பெட்டிகளை விற்கக்கூடாது. இந்த இரண்டில் ஒன்றையேனும் தேறிய பெட்டியை நம்பலாம்.

நான்காவது, சுற்றுப்புறம். பெட்டிக்கு முன் தரை கல்லோ ஓடோ ஆக இருக்கட்டும். மரவிளிம்பு, திரைச்சீலை, மூங்கில் நாற்காலி இவற்றைத் தயாரிப்பாளர் குறித்த தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். கார்பன் மோனாக்ஸைடு அறிவிப்புக் கருவி ஒன்றை அந்த அறையிலும், ஒன்றைப் படுக்கை அறையிலும் வைப்பது, தாயார் உறங்கும் வீட்டில் கடமை என்றே சொல்வோம்.

விறகின் குணம்

நம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்தார்க்கு விறகென்றால் சவுக்கு. சென்னையின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டபின், எஞ்சின்களின் தீனிக்கென்று இக்கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. ரயிலுக்குக் கரி வந்து, பிறகு மின்சாரம் வந்தும், சவுக்கு நம்மை விட்டுப் போகவில்லை. நின்று எரிவதில் அதற்கு இணை சிலவே. ஆனால் எவ்வளவு உயர்ந்த ஜாதி விறகும் பச்சையாயிருந்தால் பயனில்லை.

புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதியளவுகூட நீர் இருக்கும். கொதிக்கும் நீரில் ஒரு கிலோவை ஆவியாக்கவே 540 கிலோ கலோரி வேண்டும். அந்த உஷ்ணம் போவது ஒருபுறமிருக்க, நெருப்பே குளிர்ந்து வாயுக்கள் எரியாமற் போவதுதான் பெரிய நஷ்டம். நீர் நூற்றுக்கு இருபதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். கட்டையைப் பிளந்து, மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களில் காற்றோட விட்டு, தரையில் படாமல் அடுக்கினால் ஓராண்டில் உலரும். மூடுபனி மிகுந்த மலைச்சரிவில் இன்னும் சில மாதம் கூடலாம். ஆகவே இவ்வாண்டுக் குளிருக்கான விறகைச் சென்ற ஆண்டே வாங்கியிருக்க வேண்டும் என்றாகிறது. முதலாண்டில் உலர்ந்த விறகு என்று சொல்லி விற்பதைச் சோதித்து வாங்குவதே வழி.

சோதிக்க ஈரமானி என்னும் சிறு கருவி கிடைக்கிறது. புதிதாகப் பிளந்த முகத்தில் ஊசியை வைத்துப் பார்க்க வேண்டும். கருவி இல்லாதார் தராசை நம்பலாம். அரைக் கிலோத் துண்டொன்றைச் சிறு சிம்புகளாகப் பிளந்து, அடுப்பருகே பல நாள் வைத்து, எடை இனிக் குறையாது என்னும் வரையில் உலர்த்தி நிறுங்கள். 400 கிராம் நின்றால் நீர் நூற்றுக்கு இருபது. 300 நின்றால் விறகுக்காரர் நமக்குத் தண்ணீர் விற்றிருக்கிறார்.

மலைத் தோட்டத்தில் மரம் நிற்கிறதே, வெட்டிக்கொண்டால் என்ன என்று சிலர் நினைப்பர். தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் அமலில் இருக்கிறது. அது செல்லும் இடங்களில் சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். சீகை மரம் போன்ற அந்நிய மரங்களை அகற்றும் கொள்கை ஒன்றை மாநில அரசு 2022-ல் வெளியிட்டிருக்கிறது. முறையாக வெட்டி விற்கப்படும் அத்தகைய விறகை வாங்கினால் சோலைக்குப் பழுதில்லை.

எரிக்கத் தகாதவை: வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், அச்சடித்த பளபளப்புத் தாள். பழவேற்காட்டுப் பக்கத்துப் பழைய தோணிப் பலகையும் ஆகாது. உப்பேறிய மரம் இரும்பை அரிக்கும், நச்சுப் புகையும் விடும்.

மூட்டும் முறை

புதுப் பெட்டியை முதல் நாளே கொழுந்துவிட்டு எரிக்கக் கூடாது. முதல் மூன்று தடவை சிறு நெருப்பாக மூட்டி ஆறவிட வேண்டும், பூச்சு இறுகும்போது நாற்றம் வரும், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். முதியோரும் குழந்தைகளும் அன்று வேறு அறையில் இருப்பது நல்லது.

நம் வீட்டு அடுப்பில் சுள்ளியை அடியிலும் கட்டையை மேலுமாக வைத்துப் பழகியிருக்கிறோம். இப்பெட்டியில் அதைத் தலைகீழாக்க வேண்டும். பிளந்த கட்டைகள் இரண்டு மூன்று அடியில், சற்று இடைவெளி விட்டு. அவற்றின் மேல் குறுக்காகச் சுள்ளி. உச்சியில் சிராய்த்தூளோ தேங்காய் நாரோ. காற்று வழிகள் முழுதும் திறந்திருக்க, உச்சியில் தீ வைக்க வேண்டும். தீ மெல்ல இறங்கும். கீழ்க்கட்டை சூடேறி விடும் வாயு மேலுள்ள ஜுவாலையைக் கடந்தே போகவேண்டியிருப்பதால் எரிந்துவிடும். ஆரம்பப் புகை வெகுவாகக் குறையும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இவற்றைக் கிட்டக் கொண்டுவரலாகாது.

கட்டைகள் நன்கு பற்றியபின் அடிக்காற்றைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஜுவாலை மஞ்சளாக, மெதுவாக ஆடிக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம், அல்லது காற்றுப் போதாது. வெளியே சென்று புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள். மூட்டிய கால் மணிக்குப் பின்னும் கருநிறப் புகையோ தடித்த வெண்புகையோ வந்தால் ஏதோ சரியில்லை. இராமுழுதும் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று பெட்டியை நிரப்பிக் காற்றை அடைத்துவிட்டுப் படுப்பதே எல்லாப் பிழைகளிலும் பெரியது. எரியாத வாயு கீலாகக் குழாயில் படியும். ஒரு நாள் அந்தக் கீலே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால் குழாய்க்குள் உஷ்ணம் 1,000 டிகிரியைத் தாண்டக்கூடும். கூரை மரம் தாங்காது. உறங்குமுன் சிறு நெருப்பாக இறக்கி, அது தானே தணிய விடுங்கள். பெட்டியின் இரும்பும் சுவர்க் கல்லும் வாங்கிய சூடு வெகுநேரம் நிற்கும்.

சாம்பலை முழுதும் வழித்தெடுக்க வேண்டாம். ஒரு விரற்கடை அடியில் கிடந்தால் தணல் நிற்க உதவும். எடுத்த சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டி வீட்டுக்கு வெளியே கல்மேல் வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு இரண்டு மூன்று நாள் உயிரோடிருக்கும். காகிதப் பெட்டியிலோ பிளாஸ்டிக் கூடையிலோ கொட்டியவர் வீடுகள் எரிந்ததுண்டு. ஆறிய விறகுச் சாம்பல் தோட்டத்துக்கு உரம். புகைக்குழாயை ஆண்டுக்கு ஒரு தடவையேனும், குளிர் தொடங்குமுன், தூரிகையிட்டுச் சுத்தம் செய்விக்க வேண்டும்.

கணப்பு இல்லாத வீடுகளுக்கும்

கோத்தகிரித் தாயாரின் இருமலைப் பற்றி எழுதும்போது நம் பக்கத்துத் தாய்மாரின் இருமல் நினைவுக்கு வருகிறது. குளிர் இல்லாத சமவெளியிலும் விறகுப் புகை வீட்டுக்குள்தான் இருந்தது, சமையலறையில் இருந்தது. ஹைதராபாத்திலே பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த எஸ். பி. ராஜு என்னும் அறிஞர், மண்ணாலேயே புகைபோக்கியுள்ள அடுப்பை வகுத்து, 1953-ல் அதைக் குறித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். மத்திய அரசு 1980-களில் திருந்திய அடுப்புகளைப் பரப்ப நாடு தழுவிய திட்டம் வகுத்தது. 2016-ல் உஜ்வலா திட்டத்தின் கீழ் ஏழைப் பெண்களின் பேரில் சமையல் வாயு இணைப்புகள் தரத் தொடங்கினார்கள். இத்தனைக்குப் பிறகும், சிலிண்டர் தீர்ந்த நாட்களிலும், வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், முள்வேலிக் கருவேலஞ் சுள்ளியோடு கூரைச் சார்ப்பில் குனிந்திருக்கும் பெண்களைக் கும்மிடிப்பூண்டி ரயில் ஜன்னலிலிருந்தே காணலாம். வீட்டுக்குள் எழும் புகையால் உலகில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது.

கண்ணாடிக் கதவிட்ட இரும்புப் பெட்டி வாங்க எல்லாராலும் ஆகாது. ஆனால் அதன் உள்ளே நடப்பது எந்த அடுப்புக்கும் பொருந்தும். விறகை ஒரு மழைக்காலம் முன்பே பிளந்து உலர்த்தலாம். அடுப்புக்கு மேலே புகை ஏற ஒரு குழாயும், காற்று நுழையத் தாழ்வாக ஒரு திறப்பும் வைக்கலாம். பெரிய கட்டையைத் திணிக்காமல் சிறு சிம்புகளாக எரிக்கலாம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதுவதை நிறுத்தலாம். இவற்றுள் முதல் மூன்றுக்கும் சிறிது உழைப்பு வேண்டும். நான்காவதற்கு வீட்டிலுள்ள ஆண்பிள்ளை எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டால் போதும்.

நண்பருக்கு நாம் சொல்வது இதுவே: இந்த வாரம் பெட்டிக் கடைக்குப் போகவேண்டாம். ஏணியோடு ஒரு கொத்தனாரை அழைத்து வந்து புகைபோக்கியைப் பாருங்கள். அடுத்த ஆண்டுக்கு வேண்டிய விறகை இப்போதே பிளந்து அடுக்குங்கள். அதுவரையில் தாயாரின் அறைக்கு மின்கணப்பை உபயோகியுங்கள். அத்திப்பட்டுக் கரியில் எட்டுக் கிலோ போனாலும் போகட்டும். குழாய் இறங்கி, சந்து அடைபட்டு, சோதனை நெருப்பில் அறிவிப்புக் கருவி மௌனமாக இருந்த பிறகு, கூடத்துக் கணப்பின் அருகே அவர்களுடைய நாற்காலியைப் போடலாம்.